இரண்டாவது பொட்டலம்

சுபலட்சுமிக்கு ஒரு காரியத்தைத் தொடங்க வேண்டும் என்றால், அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று முதலில் ஒரு சுற்று யோசித்தாக வேண்டும். அவள் யோசித்து முடிப்பதற்குள் காரியம் அலுத்துப்போய்த் தானே எழுந்து போய்விடும். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். இவளுக்கு நினைப்பே பிழைப்பாக இருந்தது.

கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அந்தக் கட்டங்களின்படி அட்டையில் ஓட்டை அடித்துக் கொடுக்க வேண்டும். அட்டையைத் தறிமேல் மாட்டினால் வரைந்த மயிலோ மாங்காயோ புடவையில் வந்து உட்காரும். ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்கு மூக்கு இருக்காது. பதினாறு வருஷத்தில் சுபலட்சுமி போட்ட எந்த மயிலுக்கும் மூக்கு போனதில்லை. ஆனால் எந்த மயிலையும் அவளாக முடித்ததும் இல்லை. அவள் ஃபைல்களுக்கு ‘கடைசி’, ‘கடைசி இரண்டு’, ‘இதுதான் கடைசி’, ‘சத்தியமா கடைசி’ என்றெல்லாம் பெயர் இருக்கும். யாராவது வந்து பிடுங்கினால்தான் டிசைன் அட்டைக்குப் போகும்.

பிடுங்குகிறவர் மாமா. அக்கா கிருஷ்ணம்மாளின் கணவர் ஜெகநாதன். கடை அவருடையது. கீழே கடை, மாடியில் அவர்கள் வீடு. கடை வாசலில் ‘ஜெகநாதன் டிசைன்ஸ்’ என்று பெரிய எழுத்தில் போர்டு. ஜெகநாதனுக்கு மவுஸைப் பிடித்தால் கை வியர்க்கும். வாடிக்கையாளரிடம் பேசுவதும் டீ சொல்லுவதும்தான் அவர் வேலை. கல்யாணப் புடவைக்கு டிசைன் கேட்டு வருகிறவர்கள் அவர் கையைக் குலுக்கி, “இன்னா கையிங்க உங்குளுது!” என்று பாராட்டுவார்கள். அவரும் கையைக் கொடுத்துக்கொண்டு சிரிப்பார். உள்ளறையில் சுபலட்சுமி அந்த மயிலின் கழுத்தை ஏழாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருப்பாள்.

அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு கடை. போர்டில் தன் பெயர். அவ்வளவுதான். கேட்டால் சின்ன ஆசைதான். அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு சின்னதில்லை. இரண்டு தடவை இடம் பார்த்தாள். இரண்டு தடவையும் விட்டாள்.

அவள் கணவன் குணாவுக்குச் செய்யாறில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. காலையில் கம்பெனி பஸ் பிடிக்கப் போனால், திரும்பி வரும்போது பேச்சுக்குத் தெம்பு இருக்காது. “உனுக்கு எது சரின்னு படுதோ செய்யி சுபா, நான் இருக்கேன்” என்பான். ஒழுங்கான பேச்சுதான். ஆனால் சுபலட்சுமிக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பேஜாராக இருக்கும். எது சரியென்று தனக்குப் பட்டுவிட்டால் அவனை எதற்குக் கேட்கப்போகிறாள்?

கேட்க வேண்டியதையெல்லாம் அவள் அக்காவைத்தான் கேட்பாள். ஒன்பது வயதில் அம்மா போனபோது, புதுசாகக் கல்யாணமாகியிருந்த கிருஷ்ணம்மாள் மாமனார் மாமியாரோடு சண்டை போட்டுத் தங்கையைத் தன்னோடு கூட்டிக்கொண்டாள். தலைவாரிவிட்டாள். வயதுக்கு வந்தபோது மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்த்துவிட்டாள். குணாவைப் பார்த்ததும் அவள்தான். சுபலட்சுமி கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போனபிறகும் ஒரு வழக்கம் விடவில்லை. எந்தப் பூட்டு வாங்கினாலும் அதோடு வரும் இரண்டாவது சாவி அக்கா வீட்டு ஆணியில் தொங்கும். வீட்டுச் சாவி, பீரோ சாவி, குணாவின் வண்டிச் சாவிகூட அங்கேதான். “தொலைஞ்சா அக்கா கிட்ட இருக்கு” என்ற நினைப்பில் இவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

பெரிய காரியம் என்றால் அக்கா பூ கட்டிப் பார்ப்பாள். அவர்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். ஒரே அளவில் இரண்டு காகிதம். ஒன்றில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. மடித்து, பட்டு நூலால் இறுக்கிக் கட்டி, அம்மன் காலடியில் வைக்க வேண்டும். பூசாரி கற்பூரம் காட்டியதும், கேட்டவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். சிவப்பு என்றால் ‘போ’. வெள்ளை என்றால் ‘பொறு’. இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அம்மனை நம்பவில்லை என்று அர்த்தம். அதைக் கோவில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

முதல் தடவை இடம் பார்த்தபோது பூ கேட்டதில் ஒரு குளறுபடி நடந்தது. அதைப் பற்றிப் பேச சுபலட்சுமிக்குப் பிடிக்காது. முடிவில் வெள்ளைதான் வந்தது. இரண்டாவது தடவையும் வெள்ளை. சரி, நேரம் வரவில்லை என்று மயிலின் கழுத்துக்கே திரும்பிவிட்டாள்.

இந்த வருஷம் ஆனி மாசக் கடைசியில் பாலு வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் அவருடைய கட்டடம். மாடியில் ஒரு அறை காலி. முன்பு அங்கே அட்டை அடித்துக்கொண்டிருந்தவர் காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டார். அட்டை அடிக்கும் மெஷினைத் தூக்க முடியாமல் அங்கேயே விட்டுப் போயிருந்தார். கரண்ட் லைன் தயார். மெஷின் தயார். கம்ப்யூட்டர் சுபலட்சுமியிடம் சொந்தமாகவே இருந்தது. இப்படி ஒரு இடம் தேடினாலும் கிடைக்காது.

“உங்க கை எதுன்னு எனக்குத் தெரியும்மா. உங்க மாமா கையி டீ கிளாஸு புடிக்கத்தான் லாயக்கு” என்றார் பாலு. “ஆனா ஒண்ணு. ஆடி பொறந்துட்டா ஒருத்தரும் குடி வர மாட்டாங்க. எனக்கு ஒரு மாசம் சும்மா போவும். ஆடி பொறக்கறதுக்குள்ள உங்க பூட்டு அந்தக் கதவுல தொங்கணும். அட்வான்ஸெல்லாம் மெதுவா பேசிக்கலாம். பூட்டு தொங்கலைன்னா, வேலூர்க்காரர் ஒருத்தர் செல்போன் கடை வைக்கக் கேட்டுகினு இருக்காரு, அவருக்கு விட்டுடுவேன்.”

சுபலட்சுமி வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினாள். இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது. நல்லது ஆறு வந்தது. கெட்டது முப்பத்தொன்று வந்தது. அதில் இருபத்தெட்டாவது, ‘மாடிப்படியில் மழை பெய்தால் வழுக்கும்’. முப்பத்தொன்றாவது, ‘அக்கா என்ன நினைப்பாள்?’

அக்கா ஒன்றும் நினைக்காதவள்போலத்தான் கேட்டுக்கொண்டாள். “நல்ல எடமாத்தான் தெரியுது. ஆனா ஆனி கடைசி ஆச்சே. எதுக்கும் வெள்ளிக்கெழம பூ கேட்டுடலாம்டி” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தெருக்கோடி அம்மன் கோவில். அக்கா கடையிலிருந்த பழைய கிராஃப் தாளைக் கிழித்து இரண்டு பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தாள். கற்பூரம் காட்டினார்கள். சுபலட்சுமி கண்ணை மூடி, இடப்பக்கமா வலப்பக்கமா என்று பூசாரி கனைக்கும்வரை யோசித்து, வலப்பக்கத்தை எடுத்தாள். பிரித்தாள்.

நந்தியாவட்டை.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மாவே சொல்லிட்டா. விடு.” சுபலட்சுமி தலையாட்டினாள். வழக்கமாக மிச்சப் பொட்டலத்தை அக்கா தன் கையாலேயே கிணற்றில் போடுவாள். அன்றைக்கு அதற்குள் மாமாவிடமிருந்து போன். கடையில் ஆள் வந்து நிற்கிறார்கள், பீரோ சாவி எங்கே, ஜல்தி வா என்று கத்தினார். அக்கா தேங்காய்மூடி, வெற்றிலை, பூ எல்லாவற்றையும் வாரிச் சுபலட்சுமியின் ஒயர்க்கூடையில் போட்டுவிட்டு ஓடினாள். பொட்டலமும் அதோடு கூடைக்குள் போய்விட்டது.

பாலுவிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சுபலட்சுமி போனை எடுத்தாள். எப்படிச் சொன்னால் அவர் மனம் கோணாமல் இருக்கும் என்று யோசித்தாள். ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்பதா, ‘வேண்டாம்’ என்பதா? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்தாள். பிறவிக் குணத்தால் அவளுக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான்.

சனிக்கிழமை கூடையைக் கழுவ எடுத்தபோது பொட்டலம் கிடைத்தது. வெற்றிலைக்கு அடியில் கொஞ்சம் நசுங்கி, ஆனால் கட்டு அவிழாமல் இருந்தது. அக்காவின் கட்டு. இரண்டு சுற்று, மூன்று முடிச்சு.

எடுத்த கையோடு அக்காவுக்குப் போன் செய்து சொன்னாள்.

“அய்யோ, அது உன் கூடைலயா கீது?” என்றாள் அக்கா. “நேத்து பூரா தேடிகினு இருந்தேன். பிரிக்காதடி. கெணத்துல போட்டுடு. இப்பவே போயி போட்டுடு. பாலுகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“சொல்லிடு. அவரும் பாவம், வேற ஆளு பாக்கணுமில்ல.”

போய்ப் போட்டிருப்பாள். மழை தூறியது. நனைந்துகொண்டு போவதா, தூறல் நின்றதும் போவதா என்று யோசித்தாள். தூறல் நின்றபோது கோவில் நடை சாத்தியிருந்தது. பொட்டலத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். வைத்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. வரக்கூடாத யோசனை. பிரித்துப் பார்த்தால் என்ன?

அதிலிருந்து பிடித்தது சனி. பிரித்தால் அம்மன் குற்றம். அம்மன் குற்றம் யாருக்கு வரும், தனக்கா குணாவுக்கா? அவன் ஷிஃப்டில் மெஷின் முன்னால் நிற்கிறவன் ஆயிற்றே. பிரிக்காவிட்டால்? உள்ளே சிவப்புதான் இருக்கும். வேறு என்ன இருக்கும்? சிவப்பு இருந்தால் எதற்குப் பிரிக்க வேண்டும்? சிவப்பு இருக்கிறது என்று தெரிந்த பொட்டலத்தை அக்கா எதற்கு நேற்றுப் பூராத் தேட வேண்டும்? சே, அக்காவைப் பற்றியா இப்படி? தலையில் குட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவில் உப்பு இரண்டு தடவை போட்டாள். “இன்னா ஆச்சு உனுக்கு?” என்று குணா தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டான். திங்கட்கிழமை ஒரு யானைக்கு ஐந்து கால் வரைந்துவிட்டு அதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. அன்றைக்கும் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டாள். “பாலுகிட்ட சொல்லிட்டியாடி? பொட்டலத்த போட்டியா?”

“போட்டுட்டேன்க்கா.”

அக்காவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு அவளே மிரண்டுபோனாள். பொய் எதற்காக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆனியின் கடைசி நாள். மறுநாள் ஆடி. பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று கைப்பைக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்திருந்தாள். பகல் இரண்டரைக்குக் கரண்ட் போயிற்று. மாமா செய்யாறில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். உள்ளறையில் இருட்டு. கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. பேட்டரிப் பெட்டி மட்டும் கீக் கீக்கென்று கத்தியது. பதினாறு வருஷமாகக் கண் முன்னால் ஏதாவது ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு யோசிக்கலாம். இப்போது பார்க்க எதுவும் இல்லை. கை தானாகப் பைக்குள் போயிற்று.

மூன்று முடிச்சு. நகத்தால் அவிழவில்லை. அட்டை வெட்டும் கத்தரியை எடுத்து நூலை நறுக்கினாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாள்.

காய்ந்து, ஓரம் பழுப்பேறி, ஐந்து நந்தியாவட்டைகள்.

சிவப்பு காய்ந்தால் கறுப்பாகும், வெள்ளையாகாது. வண்ணத்தோடு பதினாறு வருஷம் மல்லுக்கட்டிய கண்ணுக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பூவைக் காகிதத்தோடு தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எங்காவது ஒரு சிவப்பு இதழ் இருந்துவிடாதா என்று இருந்தது. அக்கா தவறிப்போய் மாற்றிக் கட்டியிருப்பாள் என்று ஒரு நிமிஷம் வாதாடினாள். வெற்றிலை வாங்கினால் காம்பு எண்ணிப் பார்க்கிறவள் அக்கா. அவளுக்கா தவறும்?

ஊரில் எவள் செய்திருந்தாலும் தாங்கியிருப்பாள். தலைவாரிவிட்ட கை இது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்லுவது? எப்போதும் சொல்லி அழுகிற இடமே அதுதானே. காகிதத்தை அப்படியே விரித்த கையோடு மாடிப்படி ஏறினாள்.

கிருஷ்ணம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தங்கை வந்து நின்றதைப் பார்த்தாள். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். கீரைக்காம்பைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“போட்டுட்டேன்னு சொன்னியே” என்றாள்.

“ஏன்க்கா?”

“பிரிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“ஏன்க்கா இப்படிப் பண்ண?”

கிருஷ்ணம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். மறுப்பாள், அழுவாள், காலில்கூட விழுவாள் என்றெல்லாம் படியேறும்போதே சுபலட்சுமி யோசித்து வைத்திருந்தாள். அக்கா எதுவும் செய்யவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு.

“நீ போயிட்டா கீழ இன்னாடி கீது? நாலு மேசை, ஒரு போர்டு. உங்க மாமாவுக்கு ஒரு கோடு போடத் தெரியுமா? மாப்ள பாத்து வச்சிகினு கீறோம் எங்க பொண்ணுக்கு. ‘ஜெகநாதன் கடைல இப்ப டிசைன் போட ஆளில்ல’ன்னு ஊரு சொல்லும். உன்ன வளத்ததுக்கு இதுதானா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணப் பாத்தது நீ.”

“அத்த என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. ‘போவாதடி, எங்களால முடியாது’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருப்பனா? அம்மன் பேர எதுக்கு இழுத்த?”

“சொன்னா நீ யோசிப்ப. பூ சொன்னா யோசிக்க மாட்ட.”

தன்னைத் தன்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள் அக்கா. தெரிந்து வைத்திருந்த அத்தனையையும் எதற்குப் பயன்படுத்தியிருக்கிறாள்!

“மூணு வாட்டியும் இப்படித்தானா?” என்று சுபலட்சுமி கேட்டாள்.

“மொத வாட்டி இல்ல.” கிருஷ்ணம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மொத வாட்டி நான் ஒழுங்காத்தான் கட்டுனேன். இன்னா வந்துச்சு? சொல்லு. மறந்துட்டியா?”

சுபலட்சுமி கையிலிருந்த காகிதத்தை மடித்தாள், பிரித்தாள்.

“செவப்பு வந்துச்சு. செக்கச்செவேல்னு அரளி. உன் மூஞ்சில ரத்தமே இல்ல. போனியா நீ? ‘அக்கா, நான் கண்ண சரியா மூடல, இன்னொரு வாட்டி கட்டு’ன்னு என் கையப் புடிச்சிகினு நின்ன. அடுத்த வாரம் இன்னொரு வாட்டி கட்டுனேன். அதுலயிருந்து ரெண்டுலயும் வெள்ளதான் வச்சேன். வெள்ளையப் பாத்ததும் அன்னிக்கி நீ எப்படி மூச்சு வுட்ட தெரியுமா? போன வெள்ளிக்கெழமயும் அதே மூச்சுதான். உனுக்கு வேண்டியத்தான்டி நான் கட்டிக் குடுத்தேன்.”

உண்மைதான். மறைக்க முடியாது. முதல் பொட்டலத்தில் சிவப்பைப் பார்த்தபோது வந்த நடுக்கமும், வெள்ளையைப் பார்த்தபோது தோளிலிருந்து மூட்டை இறங்கியதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இத்தனை நாளாக அம்மன் வேண்டாம் என்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அம்மன் ‘போ’ என்றபோது கண்ணை மூடவில்லை என்று சாக்குச் சொன்னவள். அந்த வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. அதற்காக மனசு ஆறிவிடவில்லை. இன்னும்தான் எரிந்தது.

“நான் பயந்தவதான்க்கா” என்றாள். “பயந்தவன்னு தெரிஞ்சவ நீ ஒருத்திதான். கையப் புடிச்சி இழுத்துகினு போயிருக்கலாம். வேணாம், சும்மாவாவது இருந்திருக்கலாம். நீ வெளியில தாழ்ப்பாளப் போட்டுட்டு, அம்மன் போட்டான்னு சொல்லிட்டியே. இனிமே எந்தச் சாமிகிட்ட நான் இன்னா கேப்பேன்?”

கிருஷ்ணம்மாளின் முகம் அப்போதுதான் கொஞ்சம் ஆடியது. “ஒக்காருடி. காபி போடறேன். மாமா வரட்டும், ஆற அமரப் பேசலாம். இப்ப அவசரப்பட்டு ஒண்ணும்...”

ஆற அமர. இத்தனை வருஷமாக சுபலட்சுமிக்குத் தேனாக இனித்த வார்த்தை அது. இன்றைக்கு அதைக் கேட்டதும் உடம்பு கூசியது. உட்கார்ந்தால் காபி வரும். காபி வந்தால் பேச்சு வரும். பேச்சு முடிவதற்குள் ஆடி பிறந்துவிடும். அவள் காகிதத்தை மடித்து, பூவோடு, கீரை முறத்தின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். “சுபா! ராவு காலத்துல எங்கடி போற?” என்று மேலிருந்து அக்கா கூப்பிட்டது கேட்டது.

அப்போதுதான் மணி பார்த்தாள். மூன்றேகால். செவ்வாய்க்கிழமை, மூன்றிலிருந்து நாலரைவரை ராகு காலம். ஆனியின் கடைசி நாள் வேறு. ஊரில் ஒரு பஞ்சாங்கம் பாக்கியில்லாமல் வேண்டாம் என்று சொல்லும் நேரம். கால் நின்றது. நாலரைக்கு மேல் போனால் என்ன? ஒன்றேகால் மணி நேரம்தானே. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் தன் தலை என்னென்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்கும். அக்கா பாவம் என்று சொல்லும். தானே திரும்பிப் போய்க் காபி குடிக்கும்.

நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள். மார்க்கெட் ரோட்டில் தெரிந்தவர் இரண்டு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இரும்புக் கடையில், “பூட்டு வேணும்” என்றாள்.

“எந்தப் பூட்டும்மா? சின்னதா, பெரிசா? நம்பர் பூட்டு கூட...”

“எது கைக்குக் கெடைக்குதோ அத்தக் குடுங்க.”

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே தொங்கியதை எடுத்துக் கொடுத்தார். விலையைப் பேரம் பேசாமல் அவள் வாங்கிய முதல் பொருள் அது.

பாலு கீழே ஈஸி சேரில் கண்ணயர்ந்திருந்தார். விழித்துப் பார்த்து, பூட்டைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்தார். “வாங்கம்மா. நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன். வேலூர்க்காரரு ஆறு மணிக்கு வரேன்னாரு. ஆனா இப்ப ராவு காலமாச்சே. இப்படி ஒக்காருங்க, மோர் குடிங்க. நாலரை தாண்டி நல்லதா பூட்டலாம்.”

“இல்லீங்க. இப்பவே பூட்டறேன்.”

“கெட்ட நேரம்மா.”

“நல்ல நேரத்துக்கு ரொம்ப நாளு காத்துகினு இருந்துட்டேனுங்க.”

பாலு எழுந்து செருப்பை மாட்டினார். படி ஏறினார்கள். இருபத்தெட்டாவது காரணமான அந்தப் படி அன்றைக்குக் காய்ந்து கிடந்தது. அறையில் தூசி. ஜன்னல் ஓரமாக அட்டை அடிக்கும் மெஷின் சாக்குப்பையைப் போர்த்திக்கொண்டு நின்றது. சுபலட்சுமி சாக்கை இழுத்துக் கீழே போட்டாள். தும்மினாள். மெஷினில் ஒரு ஊசி வளைந்திருந்தது. அதைக் கையால் தொட்டுப் பார்த்து, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அதோடு முடிந்தது. கூட இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கொக்கியில் பூட்டை மாட்டி அழுத்தினாள். டக்கென்று விழுந்தது. மணி மூன்றே முக்கால்.

“எல்லாம் நல்லதா நடக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு பாலு கீழே இறங்கிப் போனார்.

இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். குணாவுக்கு ஷிஃப்ட் முடிகிறவரை போன் கையில் கொடுக்க மாட்டார்கள். கை தானாகப் போனை எடுத்தது. விரல் தானாகப் போய் அந்தப் பெயரை அழுத்தியது. மணி அடிக்கத் தொடங்கியதும்தான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று உறைத்தது. ஒரே மணியில் அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

“சுபா? எங்கடி கீற?” அக்காவின் குரல் கம்மியிருந்தது. அழுதிருக்கிறாள்.

சுபலட்சுமி மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தாள். இருபத்தேழு வருஷமாக எந்த நல்ல சேதியையும் முதலில் கேட்ட குரல் அது. அந்தக் குரல்மேல் இருந்த பிரியம் ஒரு பிடிகூடக் குறையவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நம்பிக்கைதான் இல்லை. துடைத்துவிட்டதுபோலப் போயிருந்தது.

“என் கடைலக்கா” என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கிருஷ்ணம்மாள் பழைய குரலில், பழகிய வார்த்தையைக் கேட்டாள். “பூட்டிட்டியா ஒழுங்கா? இன்னொரு சாவி எங்க? பத்திரமா கொண்டாந்து குடுத்துடு.”

வாயில் வந்த பழக்கம்தான். அவள் வேண்டுமென்று கேட்கவில்லை என்று சுபலட்சுமிக்குத் தெரியும். போனை அணைத்தாள். பூட்டோடு வந்த இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து, புடவைத் தலைப்பில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஊசி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.